கோட்டைக் கடைக்கு உரிமம் தந்தது யார்?

ஆசிரியருக்கு, வணக்கம்.

அமெரிக்க எல்லைப்புறக் கோட்டைகளில் கடை நடத்திய வணிகர்களைப் பற்றிய கட்டுரையில், உரிமம் யார் கையிலிருந்து வந்தது என்பது விடுபட்டுவிட்டது. விஷயமே அதில்தான் இருக்கிறது.

பட்டாளத்துக்குப் பின்னாலேயே போய் விற்றுவந்த பழைய வியாபாரிகளை 1866ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. ஊர், சந்தை எதுவுமில்லாத மேற்குக் கோட்டைகளுக்கு மட்டும் அடுத்த ஆண்டே விலக்கு கிடைத்தது. 1870இல் கடைக்காரரை நியமிக்கும் அதிகாரம் போர்த்துறைச் செயலரிடம், அதாவது அத்துறையின் அமைச்சரிடம், போனது. வினை அங்கே தொடங்கியது.

இன்றைய ஓக்லஹோமாவிலுள்ள சில் (Fort Sill) என்ற கோட்டையில் ஏற்கெனவே கடை வைத்திருந்தவர் எவன்ஸ். உரிமமோ நியூயார்க்கில் இருந்த மார்ஷ் என்பவருக்கு வாய்த்தது. கடையைக் காலி செய்யாமலிருக்க, ஆண்டுக்கு 12,000 டாலரை மூன்று மாதத்துக்கொரு தவணையாகக் கட்ட எவன்ஸ் ஒப்புக்கொண்டார். அதில் பாதி செயலர் பெல்க்நாப்பின் வீட்டுக்குப் போனது. மாதம் ஆயிரம் டாலர் கப்பம் கட்டுகிற கடைக்காரர் அதைப் புகையிலை விலையில்தானே ஏற்றுவார்? வாங்கும் சிப்பாய்க்கோ மாதச் சம்பளமே 13 டாலர். பக்கத்தில் வேறு கடையும் கிடையாது.

விஷயம் அம்பலமானதும், 1876 மார்ச் 2 அன்று, நாடாளுமன்றக் கீழவை பதவிநீக்கக் குற்றஞ்சாட்டுவதற்குச் சற்று முன் பெல்க்நாப் பதவி விலகினார். விசாரித்த மேலவையான செனட்டில் பெரும்பான்மையினர் அவருக்கு எதிராகவே வாக்களித்தும், குற்றவாளி எனத் தீர்க்கத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு சேரவில்லை. பதவியில் இல்லாதவரை விசாரிக்க அதிகாரமில்லை என்று பலர் ஒதுங்கியதே காரணம்.