'ஸ்கி' என்று முடிந்தாலே பிரபு வம்சம் ஆகிவிடாது

ஆசிரியருக்கு,

வணக்கம். குடும்பப் பெயர்களின் வேரைத் தேடுவது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், போலந்து குறித்த பகுதியில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. 'ஸ்கி' என்று முடியும் பெயர் பிரபு வம்சத்தைக் காட்டும் என்பது ஒன்று. அபூர்வமான பெயராக இருந்தால் முதலில் அகராதியில் பொருள் பார்க்க வேண்டும் என்பது மற்றொன்று. இவற்றை நம்பி இறங்குகிறவர்கள் மாதக்கணக்கில் சம்பந்தமே இல்லாத ஊரில் தேடிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

'ஸ்கி' என்பது உரிச்சொல் விகுதி. அது ஊர்ப் பெயரோடும் சேரும், தொழிற் பெயரோடும் சேரும். நிலமுள்ள பிரபுக்கள் தங்கள் ஊர்ப் பெயரோடு அதை முதலில் சேர்த்துக்கொண்டது உண்மை. பின்னால் பட்டணத்துக் கைவினைஞர்களும் குடியானவர்களும் அதையே வைத்துக்கொண்டார்கள். 'கொவால்' என்றால் கொல்லர். கொவால்ஸ்கி இன்று போலந்தில் மிகப் பரவலான பெயர்களில் ஒன்று. அப்பா நோவாக், மகன் நோவாகோவ்ஸ்கி என்று ஒரே வீட்டில் பெயர் நீண்டதும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில்கூடக் குடியானவர்களின் பெயர்கள் பல இடங்களில் கெட்டிப்படவில்லை.

பிரபுவா இல்லையா என்பதற்கான விடை பெயரின் வாலில் இல்லை. பெயருக்கு முன்னால் பங்குச் சாமியார் (பங்கு என்பது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்) எழுதிவைத்த அடைமொழியில் இருக்கிறது. லத்தீன் ஞானஸ்நானப் பதிவேட்டில் 'லபோரியோசுஸ்' என்று இருந்தால் குடியானவர். 'ஹோனெஸ்துஸ்' அல்லது 'ஃபமாத்துஸ்' என்றால் பெரும்பாலும் பட்டணவாசி. 'நோபிலிஸ்', 'கெனெரோசுஸ்' என்றால்தான் பிரபு. இந்த ஒரு சொல்லைப் பார்க்காமல் வம்சம் பற்றிப் பேசவே கூடாது.

அடுத்து, பொருள். போலிஷ் மொழியில் குயிலைக் குறிக்கும் வட்டாரச் சொல் ஒன்று 'க்ஜெக்ஜூவ்கா' (Gżegżółka). அது குடும்பப் பெயராகவும் இருக்கிறது. பொருள் தெரிந்ததால் நமக்கு ஓர் ஊர்கூடக் கிடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அதன் எழுத்தைப் பிரித்துப் பார்ப்பதுதான் பயன் தரும். புள்ளி வைத்த இசட்டும், ஆர்-இசட் என்ற இரட்டையெழுத்தும் இந்தப் பெயரில் ஒரே மாதிரி ஒலிக்கும். அந்த ஒலி இதில் இரண்டு இடத்தில் வருகிறது. மேற்கோடு போட்ட ஓ-வும் யூ-வும் ஒரே ஒலி. ஆக, எழுதுகிறவர் காதால் கேட்டு எழுதினால் 8 விதமாக எழுதலாம். குறுக்குக்கோடு போட்ட எல் எழுத்தில் கோடு விட்டுப்போனால் 16. தேடும் பெட்டியில் ஒரே ஒரு வடிவத்தைப் போட்டுவிட்டு 'கிடைக்கவில்லை' என்று எழுந்துவிடுகிறவர்கள் மீதி 15ஐத் தொடவே இல்லை. எந்தப் பெயரை எடுத்தாலும் முதல் வேலை இந்தப் பட்டியலைத் தாளில் எழுதுவதுதான். வால் வைத்த ஏ, 'ஓன்' அல்லது 'ஓம்' என்று மாறியிருக்கும். 19ஆம் நூற்றாண்டில் போலந்து ருஷ்யா, ஆஸ்திரியா, பிரஷ்யா (ஜெர்மனி) ஆகியவற்றின் ஆட்சியில் மூன்றாகப் பிரிந்து கிடந்ததையும் மறக்கக் கூடாது. ஜெர்மன் எழுத்தர் கைபட்டால் எஸ்-இசட், எஸ்-சி-எச் ஆகியிருக்கும். ருஷ்ய லிபியில் 'ஹ' ஒலிக்குத் தனி எழுத்து இல்லாததால், 'ஹ'வில் தொடங்கும் பெயரை 'க' வரிசையிலும் தேட வேண்டும்.

பெண்களின் பெயரில் இன்னொரு சிக்கல். திருவண்ணாமலையில் ரமண மகரிஷியிடம் வந்தவரும், 1944இல் மெட்ராஸில் போலந்து–இந்திய நூலகம் என்ற பதிப்பு வரிசையைத் தொடங்கியவருமான உமாதேவியின் இயற்பெயர் வாண்டா டினோவ்ஸ்கா. இது பெண்பால் வடிவம். அவர் தந்தை வழியைத் தேட 'டினோவ்ஸ்கி' என்று போட வேண்டும். 'ஸ்கி' இல்லாத பெயர்களில் பழைய வழக்கப்படி நோவாக்கின் மனைவி நோவாகோவா, மணமாகாத மகள் நோவாகூவ்னா. அட்டவணையில் மூன்றும் மூன்று இடத்தில் கிடக்கும். டினோவ்ஸ்கி என்றதும், சான் ஆற்றங்கரையில் உள்ள டினுவ் என்ற ஊரோடு முடிச்சுப்போட ஆசை வரும். ஆனால் போலிஷில் பூசணிக்கு 'டினியா' என்று பெயர். அதிலிருந்தும் இப்படி ஒரு பெயர் பிறக்க முடியும். எது சரி என்பதை ஒலியை வைத்துச் சொல்ல முடியாது. அந்தக் குடும்பத்தின் மிகப் பழைய பதிவு எந்தப் பங்கில் இருக்கிறது என்பதுதான் சொல்லும்.

அபூர்வப் பெயருக்கு ஒரு பெரிய வசதி உண்டு: அது பெரும்பாலும் ஓரிரு இடங்களில் குவிந்திருக்கும். போலந்து அரசின் திறந்த தரவுத் தளத்தில் இன்றைய குடும்பப் பெயர்களும் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் என்பதும் ஆண், பெண் என்று தனித்தனிக் கோப்பாகக் கிடைக்கின்றன. கசிமியெஷ் ரிமுத் தொகுத்த பெயர் அகராதி, பழைய 49 மாகாணங்கள் வாரியாக எண்ணிக்கை தருகிறது. இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. 1945க்குப் பிறகு எல்லை நகர்ந்தபோது கிழக்கே இருந்த போலிஷ் மக்கள் வ்ரோட்ஸ்வாஃப், ஷ்செச்சின் போன்ற மேற்குப் பகுதிகளில் குடியமர்த்தப்பட்டார்கள். அங்கே எண்ணிக்கை கூடுதலாகத் தெரிந்தால் அது குடியேறிய இடமே தவிர, பூர்வீகம் அல்ல. அந்தக் குடும்பங்களின் பழைய ஏடுகள் இன்று உக்ரைனில் உள்ள லிவிவ், லிதுவேனியாவில் உள்ள வில்னியஸ் பக்கமோ, வார்சாவின் மத்திய ஆவணக் காப்பகத்திலோ இருக்கக்கூடும்.

வட்டாரம் தெரிந்ததும் கெனெடெகாவுக்குப் போகலாம். போலந்து வம்சாவளிச் சங்கத்தின் தன்னார்வலர்கள் பங்கு வாரியாகத் தயாரித்த இலவச அட்டவணை அது. ஒவ்வொரு பங்குக்கும் எந்தெந்த ஆண்டுகள் ஏற்றப்பட்டுள்ளன என்பதை முதலில் பாருங்கள். அட்டவணையில் இல்லை என்றால் பதிவு இல்லை என்று பொருள் அல்ல. அந்த ஆண்டு இன்னும் ஏறாமல் இருக்கலாம். அப்போது அரசு ஆவணக் காப்பகங்களின் தளத்தில் ஏட்டின் படங்களை ஒவ்வொரு பக்கமாகத்தான் புரட்ட வேண்டும். பிறப்புப் பதிவு 100 ஆண்டும், திருமணம், இறப்புப் பதிவுகள் 80 ஆண்டும் உள்ளூர்ப் பதிவு அலுவலகத்தில் இருந்த பிறகே காப்பகத்துக்கு வரும்.

பிறப்பைவிடத் திருமணத்தை முதலில் பிடிப்பது நல்லது. முன்னாள் ருஷ்யப் பகுதியில், அதாவது வார்சாவைச் சுற்றிய போலந்து அரசில், 1808 முதல் போலிஷ் மொழியில் பத்தி பத்தியாக எழுதினார்கள். 1826 முதல் அது 'நிகழ்ந்தது இன்ன ஊரில், இன்ன நாள், இன்ன மணிக்கு' என்று தொடங்கும். தேதியும் வயதும் எண்ணில் இல்லாமல் எழுத்தில் இருக்கும். திருமணப் பதிவு என்றால் மணமக்கள் பிறந்த ஊரும் பெற்றோர் பெயரும் தாயின் பிறந்தவீட்டுப் பெயரும் அதிலேயே கிடைக்கும். திருமணம் வழக்கமாகப் பெண் வீட்டுப் பங்கில் நடந்தது. மாப்பிள்ளை வெளியூர் என்றால், அவருடைய ஞானஸ்நானச் சான்றின் நகல் 'அலெகாட்டா' என்ற இணைப்புக் கட்டில் இருக்கும். இந்தக் கட்டைத் திறந்து பார்க்கிறவர்கள் மிகக் குறைவு. அபூர்வப் பெயர் ஒரு பங்கில் திடீரென்று முளைத்தால், முந்தைய ஊரைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இதுதான்.

1868 முதல் அதே ஏடுகள் ருஷ்ய மொழிக்கு மாறின. ருஷ்யாவின் பழைய நாட்காட்டிப்படி ஒன்று, இன்றைய நாட்காட்டிப்படி ஒன்று என்று தேதி இரட்டையாக வரும்: ஜனவரி 3/15 என்பது போல. 19ஆம் நூற்றாண்டில் இடைவெளி 12 நாள். டிசம்பர் 20ஐயும் ஜனவரி 1ஐயும் குழப்பினால் ஓர் ஆண்டே தவறிவிடும். ஆஸ்திரியாவின் கலீசியாவில் லத்தீன், கட்டம் போட்ட ஏடு, வீட்டு எண்ணோடு. ஒரே வீட்டு எண்ணில், அதே முதற்பெயர்களோடு வேறு குடும்பப் பெயர் வந்தால் நிறுத்திப் பாருங்கள்; 'வெல்' (அல்லது), 'அலியாஸ்' (மறுபெயர்) என்ற லத்தீன் சொல்லோடு எங்காவது இரண்டு பெயரும் சேர்ந்து எழுதப்பட்டிருக்கும். பிரஷ்யப் பகுதியில் 1874 அக்டோபர் 1 முதல் அரசுப் பதிவு, ஜெர்மன் மொழியில்.

கட்டுரையின் கடைசியில், குடும்பச் சின்னத்தை விலைக்கு வாங்கிச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று ஒரு யோசனை இருந்தது. போலந்தில் ஒரே சின்னத்தை ஒருவருக்கொருவர் உறவே இல்லாத நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பயன்படுத்தின. ஒரே பெயர் கொண்ட குடும்பங்கள் வெவ்வேறு சின்னங்களைக் கொண்டிருந்தன. பெரும்பாலானவற்றுக்குச் சின்னமே இல்லை. பெயரை மட்டும் கேட்டுவிட்டுச் சின்னம் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்க வேண்டாம் என்று அடுத்த இணைப்பில் ஒரு வரித் திருத்தமாவது வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், சென்னை