பின்குஷன் செய்முறை போடும்போது உள்ளே என்ன அடைப்பது என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பின் கைவேலைப் பக்கத்தில் வந்த பின்குஷன் (தைக்கும்போது ஊசி, குண்டூசிகளைக் குத்தி வைக்கும் சின்ன மெத்தை) செய்முறையைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். வீணாகும் பொருளில் செய்வது என்று தலைப்பு போட்டிருந்தீர்கள், படமும் கண்ணைப் பறித்தது. ஆனால் தேவையான பொருள்கள் என்று கொடுத்திருந்ததைப் பார்த்தால் புது ஃபெல்ட் துணி, ஒரு பாக்கெட் பாலியஸ்டர் பஞ்சு, லேஸ், கண்ணாடி மணிகள், க்ளூ கன் என்று எல்லாமே கடையில் போய் வாங்க வேண்டியவை. தையல் மேசைக்குக் கீழே குவிந்து கிடக்கும் வெட்டுத் துண்டுகளுக்கு அதில் இடமே இல்லை. உள்ளே அடைப்பதைப் பற்றி "பஞ்சை நிரப்பவும்" என்று ஒரே வரி. அந்த ஒரு வரிதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது, ஏனென்றால் பின்குஷன் நன்றாக வேலை செய்வதும் செய்யாததும் முழுக்க முழுக்க உள்ளே இருப்பதைப் பொறுத்தது.

தினமும் தைக்கிறவர்கள் பின்குஷனை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். இடது கை, மடித்த துணியை விடாமல் பிடித்திருக்கும். கண்ணும் துணியின் ஓரத்தில்தான் இருக்கும். வலது கை மட்டும் பக்கத்தில் போய்க் குண்டூசியை உருவி எடுக்க வேண்டும், அதுவும் பார்க்காமலே. அப்போது குஷன் எடையே இல்லாமல் இருந்தால் ஊசியோடு சேர்ந்து அதுவும் மேலே வந்துவிடும், பிறகு துணியை விட்டுவிட்டு இன்னொரு கையால் அதைப் பிடிக்க வேண்டும், பிடித்து வைத்த மடிப்பு கலைந்துபோகும். பாலியஸ்டர் பஞ்சு அடைத்ததில் இதுதான் தொல்லை. அந்தப் பஞ்சு குறைவாக இருந்தால் ஊசி நிற்காமல் சாயும், நிறைய அமுக்கி அடைத்தால் ஊசியைக் குத்தும்போது பந்து மாதிரி எதிர்த்துத் தள்ளும். கைத்தையல் ஊசி என்றால் இன்னும் மோசம், அதற்குக் கொண்டையே கிடையாது, அழுத்திக் குத்தினால் காதோடு சேர்ந்து உள்ளே போய் மறைந்துவிடும்.

இதற்கு எதுவும் வாங்க வேண்டியதில்லை. துணி வெட்டும்போது விழுகிற ஓரத்துண்டுகள், தைத்து முடித்து நறுக்கிப் போடும் நூல் முனைகள், துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷினிலிருந்து வரும் நூலும் துணியும் கலந்த பிசிறு, இவையே போதும். ஒரே ஒரு வேலை இருக்கிறது, யாரும் அதைச் சொல்வதில்லை: துண்டுகளைப் பொடியாக நறுக்க வேண்டும். 1 செ.மீ.க்கும் சிறியதாக இருந்தால் நல்லது. நீளத் துண்டுகளை அப்படியே திணித்தால் உள்ளே முடிச்சு முடிச்சாகத் திரண்டுகொள்ளும், ஓர் இடத்தில் ஊசி வழுக்கிக்கொண்டு போகும், பக்கத்திலேயே இன்னோர் இடத்தில் இடித்து நிற்கும். பொடியாக நறுக்கியது மணல் போலச் சீராக இறங்கும், எடையும் நன்றாக நிற்கும். நறுக்கும்போதே தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டன், ஹூக், ஜிப் பல், உடைந்த ஊசிமுனை ஏதாவது கலந்திருக்கலாம். பருத்தி, லினன், கம்பளித் துண்டுகள் எல்லாமே நன்றாக இருக்கும். ரெக்சின், பிளாஸ்டிக் பூச்சுள்ள துணி, ஒட்டுக் கேன்வாஸ் (காலர் போன்றவை விறைப்பாக நிற்க உள்ளே ஒட்டும் பசைத்துணி) ஆகியவற்றைத் தள்ளி வைத்துவிடலாம், ஊசி அவற்றில் எளிதில் இறங்காது, சில சமயம் பசை வேறு ஊசியில் ஒட்டிக்கொள்ளும்.

அடைக்கும் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. போதும் என்று தோன்றிய பிறகும் அதில் பாதி அளவு இன்னும் இறங்கும். பென்சிலின் மொட்டை முனையால் முதலில் மூலைகளிலும் ஓரங்களிலும் இடித்து இடித்துத் தள்ளி, கடைசியாக நடுவில் நிரப்பினால் கல் போல ஆகாமலும் தொளதொளவென்று இல்லாமலும் வரும். கட்டை விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து உடனே நிமிர வேண்டும், அதுதான் சரியான பதம்.

துணி தவிர வேறு என்ன அடைக்கலாம் என்றால், மரத்தூள் பழைய காலத்திலிருந்தே பழக்கத்தில் உள்ள பொருள். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், சலித்துச் சிராய் எல்லாம் நீக்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தூளாக இருக்கும் எதையும் மேல் துணிக்குள் நேரடியாகக் கொட்டக்கூடாது. நெருக்கமான நெசவுள்ள பழைய பருத்தித் துணியில் உள்பை ஒன்று தைத்து, அதில் நிரப்பி மூடி, அதற்குமேல் உறை போட வேண்டும். இல்லாவிட்டால் ஊசித் துளைகள் வழியாகத் தூள் கொட்டிக்கொண்டே இருக்கும். கம்பளி நூல் மிச்சமும் பழைய கம்பளித் துணியும் கிடைத்தால் விடாதீர்கள். செம்மறி ஆட்டு ரோமத்தில் இயற்கையாக உள்ள லானோலின் என்ற மெழுகு ஊசி துருப்பிடிக்காமல் காக்க உதவும், பலமுறை துவைத்துச் சாயமேற்றிய கம்பளியில் அது மிகக் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கும் என்றாலும் ஊசி வழுக்கிக்கொண்டு இறங்குவதற்குக் கம்பளியை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. சீப்பில் சேரும் தலைமுடியைக்கூடச் சேர்த்து வைத்து அடைத்த காலம் இருந்தது.

தானியங்களை அடைக்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன, தயவுசெய்து அவற்றை வெளியிட வேண்டாம். எடைக்கு நல்லதுதான், ஆனால் ஈரத்தை இழுக்கும், வண்டு பிடிக்கும், வண்டு பிடித்த பிறகு துணியையும் சேர்த்துத் தூக்கிப் போட வேண்டியதுதான். உப்பு அதைவிட மோசம், எஃகு ஊசி சீக்கிரமே துருப்பிடித்துவிடும். எடை வேண்டும் என்றால் அடியில் ஒரு தட்டைக் கல்லையோ பெரிய இரும்பு வாஷரையோ துணியில் சுற்றி வைத்துவிட்டு, அதன்மேல் துண்டுத்துணியை நிரப்பலாம்.

தக்காளி வடிவப் பின்குஷனில் ஒரு சின்ன ஸ்ட்ராபெர்ரி தொங்குமே, நிறைய பேர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். பழைய முறைப்படி செய்ததில் அதற்குள் இருப்பது எமரி என்ற கல்லின் தூள். எமரியின் முக்கியப் பகுதி குருந்தம் என்ற கனிமம், கனிமங்களின் கடினத்தை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் வைரத்துக்கு 10, குருந்தத்துக்கு 9, எஃகைவிடக் கெட்டி. மழுங்கிய ஊசியையோ லேசாகத் துரு ஏறிய ஊசியையோ அதில் நாலைந்து முறை குத்தி எடுத்தால் முனை சுத்தமாகிக் கூர்மையும் திரும்பும். குத்தி எடுப்பதற்கு மட்டுமே அது, ஊசியை அங்கேயே விட்டு வைக்கக்கூடாது, மேல்பூச்சு தேய்ந்துவிடும். இந்தத் தக்காளி வடிவம் பரவலானது விக்டோரியா காலத்தில். குண்டூசி செய்யும் இயந்திரத்துக்கு ஜான் அயர்லாந்து ஹவ் என்ற அமெரிக்க மருத்துவர் 1832-இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்னெல்லாம் கம்பியை இழுத்து, வெட்டி, முனை சீவி, கொண்டை பொருத்தி, பலர் கைமாறித்தான் ஒரு குண்டூசி உருவானது, அதனால் அதைத் தொலைக்காமல் பத்திரப்படுத்த ஒரு மெத்தை வேண்டியிருந்தது. பின்குஷன் பிறந்ததே பொருளை வீணாக்காமல் இருப்பதற்காக என்னும்போது, அதைச் செய்யப் புதுப்புதுச் சாமான் வாங்கச் சொல்வது எனக்கு ஒட்டவே இல்லை.

சரி, எப்படித் தைப்பது? எளிதானது மூடியில் செய்வது. ஜாடி மூடி ஒன்றை எடுத்து, அதன் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு விட்டத்தில் துணியை வட்டமாக வெட்டுங்கள். மூடி 6 செ.மீ. என்றால் வட்டம் 15 செ.மீ. ஓரத்திலிருந்து அரை செ.மீ. உள்ளே தள்ளி இரட்டை நூலில் ஓட்டுத்தையல் (ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிப் போகும் தையல்) போட்டு, நூலை லேசாக இழுத்துக் கிண்ணம் போல ஆக்கி, நறுக்கிய துண்டுகளை அமுக்கி அடைத்து, பிறகு இறுக இழுத்து முடிச்சுப் போட்டுவிடுங்கள். சுருக்கு உள்ள பக்கம் மூடிக்குள் போகும்படி பசை தடவி அழுத்தி, மேலே ஒரு புத்தகத்தை வைத்து இரவு முழுக்க விட்டுவிடலாம். சிறிய பாட்டில் மூடியிலும் இதையே செய்யலாம், ஆனால் சாதாரணக் குண்டூசியே சுமார் 26 மி.மீ. நீளம், அதனால் அதில் ஊசியைச் சாய்த்துத்தான் குத்த வேண்டியிருக்கும். பொதுவாகவே குஷனின் உயரம் உங்கள் ஊசியைவிட ஒரு விரல் அகலமாவது கூடுதலாக இருக்கட்டும். இல்லாவிட்டால் முனை அடியில் முட்டி மழுங்கும், அல்லது மறுபக்கம் எட்டிப் பார்த்து மேசையைக் கீறும், கையையும் குத்தும்.

எனக்கு மிகவும் பிடித்தது நாலு பக்கமும் முக்கோணமாக இருக்கும் குஷன், ஒரே ஒரு துண்டுத்துணியில் வந்துவிடும். 16 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலத்தில் ஒரு துண்டை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி, நீளம் பாதியாகுமாறு இரண்டாக மடித்தால் சதுரமாகும். மடிப்புக்கு எதிர்ப்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் தைத்துவிட்டால் ஒரு குட்டிப் பை கிடைக்கும். இப்போது திறந்திருக்கும் வாயை, பக்கத் தையலும் மடிப்பும் ஒன்றின்மேல் ஒன்று வந்து நடுவில் சேரும்படி திருப்பிப் பிடியுங்கள், அதாவது அடித்தையல் ஒரு திசையில் போனால் மேல்தையல் அதற்குக் குறுக்கே போக வேண்டும். அந்தக் கோட்டில் இரண்டு ஓரத்திலிருந்தும் தைத்து, நடுவில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு விட்டு, வெளிப்பக்கம் திருப்பி அடைத்துவிட்டால் நாலு மூலையும் கிண்ணென்று நிற்கும். விட்ட இடத்தை மூட, இரண்டு பக்க மடிப்புக்குள்ளும் மாறி மாறி ஊசியை ஓட்டி இழுத்தால் தையல் வெளியே தெரியவே தெரியாது. எந்தப் பக்கம் வைத்தாலும் உருளாது என்பதுதான் இதன் சிறப்பு.

மேல் துணிக்கு நெருக்கமான நெசவுள்ள பருத்தி போதும். பழைய சட்டைக் காலர், தலையணை உறை, கம்பளிக் கோட்டின் மிச்சம் எல்லாம் உதவும். ஜீன்ஸ் துணி பார்க்க அழகு, ஆனால் நுண்ணிய ஊசிக்கு அது முரடு. வளைந்துபோன குண்டூசிகள் நிறைய பார்க்கலாம். மேலே மணியும் பட்டனும் ஒட்டுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஊசி குத்த வேண்டிய இடமே அதுதான், அலங்காரம் வேண்டும் என்றால் அடியைச் சுற்றி ஒரு வரி எம்பிராய்டரி போடுங்கள், மேல்பகுதியை விட்டுவிடுங்கள். மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் வகை என்றால் ஊசி மணிக்கட்டில் குத்தாமல் இருக்க அடியில் கெட்டியான பிளாஸ்டிக் வட்டு ஒன்று கட்டாயம், பழைய டப்பா மூடியிலிருந்து வெட்டிக்கொள்ளலாம்.

கேக், பூனைக்குட்டி, பொம்மை வடிவங்களில் பின்குஷன் செய்யச் சொல்வதை யோசித்து வெளியிடுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். சின்னக் குழந்தைக்கு அது விளையாட்டுச் சாமான்தான், கையில் கிடைத்தால் பிசையும், வாயில் வைக்கும். உள்ளே புதைந்துபோன ஊசி வெளியே தெரியாது. பெரியவர்களுக்கும் இது பொருந்தும், காணாமல்போன ஊசியை விரலால் அமுக்கித் தேடாதீர்கள். ஒரு காந்தத்தைக் குஷனின்மேல் மெதுவாக நகர்த்தினால் எஃகு ஊசி மேற்பரப்புக்குப் பக்கத்தில் இருக்கும் வரை இழுப்பு தெரியும். ஆழத்தில் போய்விட்டால் ஒரு தையலைப் பிரித்து, துண்டுகளைத் தட்டில் கொட்டி எடுப்பதுதான் வழி. பழசாகிப்போன குஷனைக் குப்பையில் போடும் முன்பும் இப்படிப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும், குப்பையைக் கையால் பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளிருந்து வந்த துண்டுகளை அடுத்த குஷனுக்கு அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம்.

அடுத்தமுறை இந்தப் பக்கத்தில் பின்குஷன் செய்முறை வரும்போது அடைக்கும் பொருள் எது, எவ்வளவு, எப்படி நறுக்குவது என்பதற்கு நாலு வரியாவது ஒதுக்குங்கள். வெட்டும் அளவுகளைச் செ.மீ.யில் குறிப்பிடுங்கள், இந்த முறை "தேவையான அளவு" என்று மட்டுமே இருந்தது. படத்துக்காக மணிகள் ஒட்டிய ஒன்றைப் போட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் ஊசிகள் குத்தி, தினமும் பயன்பட்டுக் கொஞ்சம் மங்கிப்போன ஒன்றின் படத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
தையல் வேலை செய்யும் வாசகி