தட்டச்சு செய்த தண்ணீர்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, ஒரு எக்செல் தாள். ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றுக்கு நாங்கள் ஜாப் ஒர்க் செய்கிறோமே, அவர்கள் அனுப்பியது. ஒரு கிலோ துணிக்குச் சாயம் போட எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை யூனிட் கரண்டு, பஞ்சு எந்த ஊருடையது என்று கேள்விக்கு மேல் கேள்வி. எங்களிடம் இருப்பதோ பதினாறு தையல் மிஷின்! சாயப்பட்டறை மேனேஜருக்குப் போன் போட்டால், "அம்பது லிட்டர்னு போட்டுக்கங்க, போன தடவையும் அதைத்தானே போட்டீங்க" என்கிறார். போட்டேன்.

மாசுக் கணக்கு எல்லாவற்றையும் ஆன்லைனாக்கியதால் கம்பெனிகள் உண்மையிலேயே சுத்தமாகிவிட்டனவா என்று நீ கேட்டாய். எனக்கு இதில் இரண்டு ஜாதி தெரிகிறது: தானாக அளப்பது ஒன்று, யாரோ உட்கார்ந்து தட்டச்சு செய்வது இன்னொன்று. 2011 ஜனவரியில் ஐகோர்ட் நம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், ஊரே வேலையில்லாமல் டீக்கடையில் நின்றதும் உனக்கு நினைவிருக்கும். அப்புறம் 2014-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 17 வகைத் தொழில்களையும் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களையும் கழிவை இடைவிடாமல் அளந்து நேராக சர்வருக்கு அனுப்பும் கருவி வைக்கச் சொன்னது. சென்சாரை நல்ல தண்ணீர் வாளிக்குள் முக்கி வைக்கும் கில்லாடிகள் உண்டு என்று கேள்விப்படுகிறேன், இருக்கட்டும், ஆனாலும் ராத்திரி மழையை நம்பி சாயக்கழிவை நொய்யல் ஆற்றில் திறந்துவிட்ட காலத்துக்கு, ஓடிக்கொண்டேயிருக்கும் ஒரு மீட்டர் எவ்வளவோ மேல்.

தட்டச்சு ஜாதியின் லட்சணம் வேறு. பிளாஸ்டிக் மறுசுழற்சிக்கென்று போர்ட்டல் திறந்தார்களே, அதில் மறுசுழற்சி செய்ததாகக் காட்டிய 6 லட்சம் சான்றிதழ் போலி என்று 2023-ல் அதே மத்திய வாரியம்தான் கண்டுபிடித்தது. உன் கம்பெனி மாதிரிப் பெரிய இடங்களுக்கு பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2022-23-லிருந்து, சந்தையில் லிஸ்ட் ஆன முதல் 1000 கம்பெனி என்று சொல்லிச் சுற்றுச்சூழல் அறிக்கை கேட்கிறது, ஐரோப்பாக்காரன் 2024-ல் சட்டம் போட்டுப் பொருளுக்கே, அது எதில் எப்படிச் செய்தது என்று சொல்லும் டிஜிட்டல் பாஸ்போர்ட் என்கிறான், துணிக்கான விரிவான விதி இனிமேல்தான். மேலே யார் கேட்டாலும் கேள்வி உருண்டு உருண்டு கடைசியில் என் மேஜையில் வந்து விழுகிறது. அதற்கென்று ஆள் போட எனக்குக் கட்டுமா?

எரிச்சல் என்னவென்றால் என் கரண்டு ரீடிங் மின்வாரியத்திடம் இருக்கிறது, எந்த லாரியில் எவ்வளவு துணி எங்கே போனது என்பது இ-வே பில்லில் இருக்கிறது. அதையெல்லாம் ஒரு பட்டனில் எடுத்துப் படிவத்தில் கொட்ட வழி செய்தால் என் வேலையில் பாதி போய்விடும், பொய்யிலும் பாதி போய்விடும். அதைச் செய்யாமல் புதுசு புதுசாகப் படிவம்.

சரி, என் புலம்பல் போதும். உன் கம்பெனி அறிக்கையில் தண்ணீர்ப் பக்கத்தை யார் நிரப்புகிறார்கள், அவர்களுக்கு அந்த நம்பர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு எழுது. பெரியவளுக்கு கோவையில் சீட் கிடைத்துவிட்டது. அவிநாசித் தேருக்கு வருவாயா, இல்லை இந்த வருஷமும் லீவு இல்லையா?

உன்,
சேகர்