இராமநாதன் இருந்த ஆசனம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பற்றிய கட்டுரையில், 1911 இல் அவர் 'யாழ்ப்பாணத் தமிழரின் பிரதிநிதியாக' சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார் என்று ஒரு வரி கண்டேன். உங்களுக்குத் தெரியாததில்லை, பக்கம் நிரப்பும் அவசரமாக இருக்கும்.

அவர் தமிழ்ப் பிரதிநிதியாகச் சபைக்குப் போனது 1879 இல். மாமன் முத்துக்குமாரசுவாமி காலமானபின் கிடைத்த நியமனம் அது. 1911 இல் போட்டியிட்டது முழு இலங்கைக்கும் ஒன்றேயொன்றாக இருந்த 'படித்த இலங்கையர்' ஆசனத்துக்கு. வாக்காளர் மூவாயிரம் பேர்கூட இல்லை, அதிலும் சிங்களவரே அதிகம். எதிரில் நின்றவர் மார்க்கஸ் பெர்னாண்டோ. (அதற்குள் ஓடிய சாதிக் கணக்கை எழுதினால் உங்களுக்கு இன்னும் பத்துக் கடிதம் வரும்.)

1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு, இராணுவச் சட்டத்தில் அகப்பட்ட சிங்களவருக்காக அவர் வாதாடியதையும், யுத்த காலத்தில் கப்பலேறி லண்டன் போனதையும், திரும்பி வந்தபோது சிங்களவர் அவரை வண்டியில் வைத்துத் தாங்களே இழுத்ததையும் விலாவாரியாக எழுதியிருக்கிறீர்கள். யாழ்ப்பாண மெம்பருடைய வண்டியைக் கொழும்பில் ஏன் இழுத்தார்கள் என்று உங்கள் கந்தோரில் ஒருவரும் கேட்கவில்லையா? அந்த வாதாட்டம் முஸ்லிம்களுக்குத் தந்த மனத்தாங்கல் பற்றி ஒரு சொல் இல்லை. மருதனார்மடத்தில் 1913 இல் பெண்களுக்குக் கல்லூரி கட்டியவர், அரசியல் சீர்திருத்தம் பற்றி விசாரிக்க டொனமூர் ஆணைக்குழு வந்தபோது பெண்களுக்கு வோட்டு வேண்டாம் என்று நின்றதும் இல்லை. பெரிய மனிதரென்றால் மாலை மட்டும் போடுவதுதானே நமது வழக்கம்!

புதன்கிழமை என் பேத்தியின் பாடசாலையில் பொது அறிவுப் போட்டி. இதே கேள்வி. 'படித்த இலங்கையர் ஆசனம்' என்றிருக்கிறாள். பிழை போட்டார்கள். நடுவர் உங்கள் பக்கத்தை வெட்டி மட்டையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தாராம். ஒரு புள்ளியால் இரண்டாம் இடம். வீட்டுக்கு வந்து, "தாத்தா, பேப்பரில் வேற மாதிரிக் கிடக்கு" என்றாள். முப்பத்தொரு வருடம் வரலாறு படிப்பித்தவனைவிடப் பேப்பர் பெரிதுதான், சரி.

இரண்டு வருடத்துக்கு முன் இராமநாதனின் தம்பி அருணாசலத்தின் படத்தைப் போட்டு இராமநாதன் என்று பெயர் எழுதினீர்கள். அதற்கு நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதம் நாலு வரியாக வந்தது, என் தலைப்பெழுத்தும் பிழை. அப்போதும் பேசாமல் இருந்தேன்.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். இரண்டு வரித் திருத்தம், ஞாயிறு மலரிலேயே போடுங்கள். பிள்ளை அதை வெட்டி நடுவரிடம் காட்ட வேண்டுமாம். மறுபக்கத்தில் மரண அறிவித்தல் வராமல் பார்த்துக்கொண்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
இணுவில்.