தட்டைப் பிரித்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

என் தம்பிக்கு நாள்பட்ட ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்) தொற்று இருப்பது ரத்த தானம் செய்யப் போனபோதுதான் தெரிந்தது, அன்றிலிருந்து வீட்டில் அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், பிள்ளைகளை அவன் தூக்கினால்கூட எல்லாரும் பதறுகிறார்கள். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஒன்றாகச் சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ இருமல், தும்மலாலோ இது பரவாது. எச்சிலில் கிருமி கொஞ்சம் இருக்கலாம்தான், ஆனால் கடித்துத் தோல் கிழிந்தால்தான் ஆபத்து. ரத்தமும் விந்தும் பெண்ணுறுப்புத் திரவமும்தான் முக்கியமாகப் பரப்புபவை, அதுவும் எந்த அறிகுறியும் இல்லாமல் நன்றாக நடமாடுகிறவரிடமிருந்தும் பரவும். சவர பிளேடு, டூத் பிரஷ், நகவெட்டி, இவற்றைத்தான் பிரிக்க வேண்டும். காய்ந்த ரத்தத்தில்கூட இந்த வைரஸ் குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும். சலூனில் புது பிளேடு போடச் சொல்லிக் கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.

அப்புறம் தடுப்பூசி. பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டுவிட வேண்டும், தாய்க்குத் தொற்று இருந்தால் கூடவே இம்யூனோகுளோபுலின் என்ற, கிருமியை உடனே எதிர்க்கும் எதிர்ப்புப் புரத ஊசியும். பெரியவர்களுக்கு வழக்கமாக 6 மாதத்தில் 3 ஊசி. எங்கள் வீட்டில் தட்டைப் பிரித்தவர்களில் ஒருவர்கூட இன்னும் பரிசோதனைக்குப் போகவில்லை, நாளைக் காலை நானே அழைத்துப் போகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி, தஞ்சாவூர்