ரயில்வே ஆர்டரும் டிராஃப்ட் கடிதமும்

சார்லட், அமெரிக்கா,
மே 2026

அன்புள்ள சேகருக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், இல்லையென்றால் உன் தங்கை எனக்குப் போன் போட்டுப் புலம்பியிருப்பாள். முழங்கால் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறாய் என்று குண்டு சொன்னான். அவன் பேச்சில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் நம்ப வேண்டும், ஆனாலும் கேட்டு வைக்கிறேன். பொங்கலுக்குப் போட்ட மெசேஜுக்கே இன்னும் உன்னிடமிருந்து பதில் இல்லை. பெரிய மனுஷன் ஆகிவிட்டாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எதிர்வீட்டுப் பையன் ஞாபகம் இருக்கிறதா? எலுமிச்சை சாதப் பையன். இப்போது ஆறடி ஐந்து அங்குலம். எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால் முழங்கால் இடித்து ரசம் தளும்புகிறது. கல்லூரியில் இரண்டாம் வருஷம் முடித்திருக்கிறான். இந்த சீசனில் கூடைப்பந்து நன்றாக ஆடினான் என்று என்பிஏ டிராஃப்டுக்கு, அதுதான் இங்குள்ள பெரிய கூடைப்பந்து லீகின் அணிகள் வருஷா வருஷம் புது ஆட்களை முறைவைத்துப் பொறுக்குகிற ஏற்பாட்டுக்கு, பெயர் கொடுத்துவிட்டான். மே கடைசிக்குள் பெயரை வாபஸ் வாங்கினால் திரும்பவும் கல்லூரிக்கு ஆடலாம். வாங்காவிட்டால் கல்லூரி ஆட்டத்துக்கு முழுக்குப் போட வேண்டியதுதான். அந்த வீட்டில் பத்து நாளாக இதே பேச்சு. அம்மா ராத்திரி ஷிஃப்ட் நர்ஸ். பகலில் தூங்க வேண்டியவள் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு, "நீங்கள் கணக்கு பார்ப்பவர்தானே, சொல்லுங்கள்" என்கிறாள்.

பார்த்தேன். தலை சுற்றுகிறது, மாப்ள. டிராஃப்டில் இரண்டு சுற்று. முதல் சுற்றில் முப்பது பேர். அதற்குள் வந்துவிட்டால் கவலையில்லை, முதல் இரண்டு வருஷச் சம்பளம் நிச்சயம். இரண்டாம் சுற்றுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. 'டூ-வே' என்று ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. பாதி நாள் பெரிய அணியில், மீதி நாள் ஜி லீகில், அதாவது என்பிஏவுக்குக் கீழே உள்ள சின்ன லீகில். போன சீசனில் அதற்கு ஆறு லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேலே. அதுவும் கிடைக்காமல் வெறும் ஜி லீக் என்றால் ஒரு சீசனுக்கு நாற்பதாயிரம் டாலர் சுற்றளவில்தான். பையனுக்கு என்பிஏவின் ஆலோசனைக் குழுவிலிருந்து வந்த கடிதம், 'இரண்டாம் சுற்றில் வரலாம்' என்கிறது. 'வரலாம்'தான், 'வருவான்' இல்லை.

இந்தப் பக்கம் பார். 2021 ஜூலையிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். போன வருஷம் ஒரு வழக்கில் சமரசம் ஆகி, கல்லூரிகளே நேரடியாகக் காசு கொடுக்கின்றன. முதல் வருஷ உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து. அடுத்த வருஷம் இருந்தால் இவனுக்குத் தருவதாகச் சொல்லும் தொகை டூ-வே சம்பளத்தைவிட அதிகம். படிக்கிற பையனுக்கு! 2021-ல் 353 பேர் முன்கூட்டியே டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தார்கள், 2025-ல் 106 பேர்தான். காரணம் விளங்குகிறதா?

கூத்தைப் பார். ஸ்பென்சர் ஹேவுட் என்று ஒருவர், மிசிசிப்பியில் பருத்தி பொறுக்கிய குடும்பம், பத்துப் பிள்ளைகளில் ஒருவர். அவரும் இதே மாதிரி இரண்டாம் வருஷத்தோடு கல்லூரியை விட்டவர். பள்ளி முடித்து நாலு வருஷம் ஆகாமல் என்பிஏவில் ஆடக்கூடாது என்ற விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1971-ல் ஜெயித்தார். அன்றைக்கு வீட்டு வறுமைக்காகக் கல்லூரியை விட்டு ஓடினார்கள். இன்றைக்குக் காசு வேண்டுமானால் கல்லூரியிலேயே இரு என்கிறது கணக்கு.

தெருவில் ஆளாளுக்கு உதாரணம் சொல்கிறார்கள். என்பிஏ நட்சத்திரம் ஸ்டெஃபன் கரி வளர்ந்த ஊர் இது, படித்த டேவிட்சன் கல்லூரி அரை மணி நேரத் தூரம்தான். அதனால் ஊரில் பாதிப் பேர் கரி கட்சி. மூன்றாம் வருஷத்தோடு 2009-ல் போனார், ஏழாவது ஆளாக எடுத்தார்கள், பட்டத்தை 2022-ல் வந்து முடித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கல்லூரி அவர் 30-ஆம் நம்பர் ஜெர்சிக்கு ஓய்வு கொடுத்தது, பட்டம் வாங்காதவர்களுக்கு அங்கே அந்த மரியாதை இல்லை. இன்னொரு கூட்டம் இன்னொரு என்பிஏ நட்சத்திரமான டிம் டங்கன் கட்சி. இறந்துபோன அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நாலு வருஷமும் இருந்து, பட்டத்தோடு 1997-ல் முதல் ஆளாகப் போனவர். எனக்கு இந்த இரண்டு கதையுமே எரிச்சல். யானை எந்த வழியாகப் போனாலும் அது யானைதான். நாற்பதாவது இடமா ஐம்பதாவதா என்று தொங்கும் பையனுக்கு அதிலிருந்து என்ன யோசனை கிடைக்கும்?

பையனின் அம்மாவுக்கு இருக்கும் பயம் வேறு. ஜாரட் சலிஞ்சர் என்று ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துப் பையன், 2011-லேயே முதல் சில இடங்களில் போயிருக்க வேண்டியவன். இன்னொரு வருஷம் இருந்தான். முதுகுப் பிரச்சினை தெரியவந்து, 2012-ல் 21-ஆவது இடத்துக்கு இறங்கினான். ஆஸ்பத்திரியில் தினம் உடைந்த உடம்புகளைப் பார்ப்பவளுக்கு அது மறக்குமா?

நான் தாளில் இரண்டு பத்தி போட்டு, கூட்டி, "இரு" என்று சொல்லத்தான் தயாராக இருந்தேன். அப்போது பையன் சட்டைக் கையை மேலே ஏற்றி முன்னங்கையைக் காட்டினான். கன்றிப்போய் நீலம் பாரித்திருந்தது. ஏதோ ஓர் அணியின் சோதனை ஆட்டத்தில், முப்பது வயதுக்காரன் ஒருவன் தோளால் இடித்து இவனை நகர்த்திக்கொண்டே போனானாம். "அங்கிள், கல்லூரியில் என்னை யாரும் இப்படி நகர்த்தியதில்லை" என்கிறான், லாட்டரி விழுந்த முகத்தோடு. கணக்குத் தாளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காசு குறையும், பெஞ்சில் உட்கார வைப்பார்கள், ஏதாவது சின்ன ஊரில் பஸ்ஸில் அலைய வேண்டும் என்றேன். எல்லாம் தெரியும் என்கிறான். ஆனால் பெஞ்சிலேயே ஒரு வருஷம் உட்கார்ந்தால் ஆட்டம் துருப்பிடிக்காதா என்று என்னையே திருப்பிக் கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் ஆடிய லட்சணம்தான் உனக்குத் தெரியுமே.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நீயும் இரண்டாம் வருஷம்தான். ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டா ஆர்டர் வந்த அன்று ஹாஸ்டலே கூடி, சம்பளம், பாஸ், குவார்ட்டர்ஸ் என்று கணக்குப் போட்டது. பி.டி. சார் டிகிரியை முடி என்றார், உன் அப்பா போ என்றார். நீ மட்டும் வாயைத் திறக்கவே இல்லை, மறுநாள் பெட்டியோடு கிளம்பிவிட்டாய். எதை வைத்துடா முடிவு பண்ணினாய்? காசா, ஆட்டமா, அப்பாவா? அங்கே பெரிய ஆட்கள் நடுவில் முதல் வருஷம் உன்னை இறக்கினார்களா, இல்லை தண்ணீர் பாட்டில்தான் தூக்கினாயா? இத்தனை வருஷத்தில் நீ இதைச் சொன்னதே இல்லை.

எழுத மாட்டாய், தெரியும். ஞாயிற்றுக்கிழமை உன் ராத்திரி எட்டு மணிக்குப் போன் போடுகிறேன், எடு. பையனும் பக்கத்தில் இருப்பான். உன் இங்கிலீஷ் அவனுக்குப் புரியாவிட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன். தயவுசெய்து மதுரை ஃபைனல் கதையை மட்டும் ஆரம்பிக்காதே.

உன்
பாலு