சந்தனக்கூடு சமயம் பஜாரில் கடை போடுவோர் கவனத்துக்கு

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழாவுக்கு வருகிறவர்களை நம்பிக் கீழக்கரையில் கடை போடுவோருக்குச் சில விஷயங்கள்.

முதலில் துதல், அதாவது தேங்காய்ப்பாலில் கிண்டும் நம்மூர் இனிப்பு. சூடு ஆறாமல் கொட்டானில் (பனையோலைப் பெட்டியில்) அடைத்தால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். தட்டில் கொட்டி ஒரு ராத்திரி ஆறவிடுங்கள். துண்டு போட்டதும் வெண்ணெய்த்தாள் சுற்றுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் ஓலையில் கசிந்து பை, துணியெல்லாம் கறையாகும். எண்ணெய் பிரியும் முன்னே இறக்கிய துதல் சீக்கிரம் ஊசிப்போகும், அதை வெளியூர்க்காரர் தலையில் கட்டாதீர்கள். ஒரு தடவை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பை 2019 ஜனவரி 1 முதலே தடை. கொட்டான் இருக்க அது எதற்கு?

விழா நடக்கும் இஸ்லாமிய மாதமான துல்கஃதா ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்வதால், இந்த ஆண்டுகளில் விழா மீன்பிடித் தடைக்காலத்துக்குள் (ஏப்ரல் 15 – ஜூன் 14) வருகிறது. விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீன்தான். சாப்பாட்டுக் கடைக்காரர்கள் பழைய விலைப்பலகையைக் கழற்றிவிடுங்கள்.

ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரில் சம்பா மிளகாயை (நீள வகை) கலக்க வேண்டாம். காம்பு கிள்ளாமல் வையுங்கள்; மூட்டையைத் தரையில் போடாமல் பலகைமேல் ஏற்றுங்கள், ஈரம் ஏறினால் நிறம் கருக்கும்.

சீரியல் லைட் ஜாயிண்டுகள் உப்புக்காற்றில் பச்சை பூத்திருக்கும். மேலே டேப் மட்டும் சுற்றினால் சூடேறி உருகும். பழைய முனையை வெட்டி, புதுச் செம்பு தெரியச் சீவி முறுக்கிய பிறகே டேப்.